‘எந்த ஊர்?’ என்ற கேள்வியை ஆய்வாக்குவது எப்படி: குடியேறியோர் அடையாளத்தைப் படிக்க வருபவர்களுக்கு

நம்மவர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் பேச்சு தொடங்குவதே "எந்த ஊர் நீங்க?" என்றுதான். அதில் ஒரு நெருக்கம் உண்டு. ஊர்ப்பெயரைச் சொன்னதும் அங்கே தெரிந்தவர் யாராவது இருப்பார், பேச்சு ஓடும். இதே கேள்வியை டொரண்டோவில் பிறந்த பதினாறு வயதுத் தமிழ்ப் பெண்ணிடம் பள்ளியில் ஒருவர் கேட்கிறார். "ஸ்காபரோ" என்கிறாள், டொரண்டோவின் ஒரு பகுதி அது. "சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்கிறார். அன்று மாலை கோயிலில் வயதான அம்மா ஒருவரும் அதையே கேட்கிறார். அவருக்கும் ஸ்காபரோ போதவில்லை. யாழ்ப்பாணமா, வன்னியா, மட்டக்களப்பா என்று தெரிந்தாக வேண்டும்.

இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். பள்ளியில் கேட்டது அவளை வெளியே நிறுத்துகிறது, கோயிலில் கேட்டது உள்ளே இழுக்கிறது. அவள் மனத்தில் இவை இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள உங்களுக்குத் தவிப்பு இருந்தால், அதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ள முடியும். நான் தமிழ்நாட்டில் முதுகலை முடித்து, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து இந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்றேன். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி கனடாவை ஒட்டியது. மற்ற நாடுகளைப் பற்றித் தெரிந்ததையும் இடையிடையே சொல்கிறேன்.

இது எந்தத் துறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

குடியேற்றத்தைப் பல துறைகள் படிக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள், என்ன வேலை கிடைத்தது, பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்று சமூகவியலும் பொருளியலும் கணக்கெடுக்கின்றன. போரிலிருந்து தப்பி வந்தவரின் தூக்கமின்மைக்கு மருத்துவ உளவியல் சிகிச்சை தருகிறது. ‘நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்’ என்ற உணர்வு ஒருவருடைய எண்ணத்திலும் நடத்தையிலும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது சமூக உளவியல். இதில் குழப்பம் வேண்டாம். மக்களுக்கு நேரடியாக ஆலோசனை தரும் உளவியலாளராக விரும்புகிறவர் சமூக உளவியலில் பட்டம் வாங்கினால் அதற்கான உரிமம் கிடைக்காது. இது தெரியாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்துக் கலங்கி நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துறையின் வேரைத் தெரிந்துகொள்ள ஹென்றி டாஜ்ஃபெல் என்பவரிடமிருந்து தொடங்கலாம். 1919-ல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சுக்குப் படிக்கப் போய், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். யூதர் என்பதை மறைக்கவில்லை. ஆனால் போலந்துக்காரர் என்பதை மறைத்து பிரெஞ்சு யூதராகவே நடந்துகொண்டார், உயிர் தப்பினார். போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தில் ஏறக்குறைய யாருமே மிஞ்சவில்லை. பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1970-ல் அவர் வெளியிட்ட சோதனை இன்றும் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. பள்ளிச் சிறுவர்களை அற்பமான ஒரு காரணத்தைச் சொல்லி, உதாரணமாக இந்த ஓவியரைப் பிடிக்கிறதா அந்த ஓவியரையா என்று கேட்டு, இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். உண்மையில் குழு எதேச்சையாகப் பிரிக்கப்பட்டது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அந்தச் சிறுவர்களுக்குத் தெரியாது. அப்படியும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குச் சாதகமாகப் பிரித்தார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று பலர் பார்த்தார்கள். ஜான் டர்னருடன் சேர்ந்து 1979-ல் அவர் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு இதன் மேல் எழுந்தது. எந்தக் கூட்டத்தவர் என்ற கேள்விக்குச் சொல்லும் விடை ஒருவரின் உயிரைத் தீர்மானித்த காலத்தை வாழ்ந்து கடந்தவர் கட்டிய துறை இது. அதை மனத்தில் வைத்துப் படித்தால் எதுவும் உலர்ந்ததாகத் தெரியாது.

அடுத்தது ஜான் பெர்ரி. கனடாவில் கிங்ஸ்டன் நகரத்தின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். கனடா 1971-ல் பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்த காலத்தில், அந்தக் கொள்கையைப் பற்றி மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று நாடு முழுதும் கேட்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர். குடியேறியவர் இரண்டு கேள்விகளைச் சந்திக்கிறார் என்றார்: என் பண்பாட்டை வைத்துக்கொள்வதா, இந்த நாட்டாருடன் கலந்து பழகுவதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒருங்கிணைவு, முதலாவதற்கு இல்லை இரண்டாவதற்கு ஆம் என்றால் கரைந்துபோதல், முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் ஒதுங்கி வாழ்தல், இரண்டுக்கும் இல்லை என்றால் ஓரத்துக்குத் தள்ளப்படுதல். நீங்கள் புரட்டும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த நான்கு பெட்டிகளும் வரும். அப்புறம், 1992-ல் இன அடையாளத்தை அளக்கும் வினாத்தாளை உருவாக்கிய ஜீன் ஃபின்னி, இரு பண்பாடுகளும் ஒருவருக்குள் இணக்கமாக இருக்கின்றனவா மோதுகின்றனவா என்று ஆராயும் வெரோனிகா பெனெட்-மார்டினெஸ் ஆகியோரின் கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள்.

கோட்பாட்டோடு அதன் மறுப்பையும் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் பெர்ரியின் நான்கு பெட்டிகளைப் படித்ததும் தங்கள் குடும்பத்தாரை ஒவ்வொருவராக அதில் போட்டுப் பார்ப்பார்கள். நானும் செய்தேன். அப்பா ஒதுங்கி வாழ்கிறவர், தங்கை ஒருங்கிணைந்தவள் என்று. அது தவறில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

இரு பண்பாட்டையும் பிடித்துக்கொள்கிறவர்களே நன்றாக இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையின் மிகப் பிரபலமான கருத்து. 2013-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இரு பண்பாட்டுத்தன்மைக்கும் நல்ல மனநிலைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. 2021-ல் வேறு இரு ஆய்வாளர்கள் அதை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புகளில் தெரியும் தொடர்பு, அதே ஆட்களைப் பல காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் மிக மிகச் சிறிதாகிவிடுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் எது எதற்குக் காரணம்? இரண்டு பண்பாட்டிலும் கால் வைத்ததால் மனம் நன்றாக இருக்கிறதா, மனமும் சூழலும் நன்றாக இருப்பவருக்குத்தான் இரண்டிலும் கால் வைக்க முடிகிறதா? இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. புதியவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு இரண்டு கட்டுரை போதும். ஒவ்வொன்றுக்கும் யாரைக் கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், என்ன சொன்னார்கள், எனக்கு எங்கே நம்பிக்கை வரவில்லை என்று நான்கு வரி தமிழிலேயே எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுத முடியவில்லை என்றால் அது இன்னும் பிடிபடவில்லை. கூகுள் ஸ்காலரில் கட்டுரை பூட்டியிருந்தால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

கேள்வியைச் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுங்கள், விடையை அங்கிருந்து எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். இந்தத் துறைக்கு வருபவர்களில் மிகப் பலர் குடியேறியவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அது பெரிய சொத்து. வெளியாளுக்குத் தோன்றாத கேள்வி உங்களுக்குத் தோன்றும். அதே சமயம், பதில் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பும் கூடவே வரும். ‘நம் பிள்ளைகள் தமிழை விட்டதால்தான் தடுமாறுகிறார்கள்’ என்று உறுதியாக நம்பிக்கொண்டு ஆய்வைத் தொடங்கினால், அதைச் சொல்கிறவர்களின் குரல்தான் காதில் விழும்.

ஆகவே கேள்வியை, தவறாகப் போவதற்கும் வழி உள்ளதாக அமையுங்கள். ‘புலம்பெயர் தமிழரின் அடையாளம்’ என்பது தலைப்பு மட்டுமே, அதில் கேள்வி இல்லை. ‘வீட்டில் தமிழ் பேசும் பதின்ம வயதினர், தங்களை யாரோ அந்நியராக நடத்திய நாளில், பேசாதவர்களைவிடக் குறைவாகச் சோர்கிறார்களா?’ என்பது கேள்வி. ஆம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். 2005-ல் அமெரிக்காவில் சப்னா செரியனும் பெனுவா மோனனும், ஆசிய வம்சாவளி அமெரிக்கர்களின் அமெரிக்கத்தன்மையை மறுத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் அமெரிக்கப் பண்பாடு தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டக் கூடுதலாக முயன்றார்கள். ‘உண்மையில் எந்த ஊர்?’ என்ற அன்றாட எரிச்சல் எப்படி அளக்கத்தக்க ஒன்றாக மாறியது என்று பார்க்க அந்தக் கட்டுரையைப் படித்தாக வேண்டும்.

இளங்கலை, முதுகலை காலத்தில்

புள்ளியியலைத் தள்ளிப் போடாதீர்கள். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்ற கணினி மொழியை இலவசமாகவே கற்கலாம். நேர்காணலே என் வழி என்பவருக்கும் புள்ளியியல் வேண்டும், இல்லாவிட்டால் துறையின் பாதிக் கட்டுரைகளை நம்பிக்கையின் பேரில் மட்டுமே ஏற்க வேண்டி வரும்.

கனடாவில் உளவியல் இளங்கலையின் கடைசி ஆண்டில் தனி ஆய்வேடு எழுதும் ‘ஆனர்ஸ்’ வழி உண்டு. முதுகலைக்கு அது பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள் அதற்கு இணையாக, தாங்களே தரவு திரட்டி எழுதிய ஓர் ஆய்வேட்டைக் காட்ட வேண்டும். கல்லூரித் திட்டக் கட்டுரைதானே என்று கடைசி மாதத்தில் அள்ளித் தெளிக்காதீர்கள். பிறகு விண்ணப்பத்தில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

நெறியாளரும் பணமும்

கனடாவில் உளவியல் துறை பெரும்பாலும் ‘யாரிடம் சேர்கிறீர்கள்’ என்பதைப் பொறுத்தது. மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், உங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பேராசிரியர் சொல்லாவிட்டால் இடம் கிடைப்பது அரிது. விண்ணப்பக் கெடு பொதுவாக டிசம்பர், ஜனவரியில் வரும். செப்டம்பரில் கடிதம் எழுதத் தொடங்குங்கள். வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் குடியேறியோர் மீதான மனப்பான்மையை ஆராயும் விக்டோரியா எசஸ், குவெல்ஃபில் சபா சஃப்தார், ஐரோப்பாவில் உட்ரெக்டின் மைக்கேல் ஃபெர்கௌடன், லூவனின் காரென் ஃபாலெட் என்று பெயர்களைப் பிடித்து, அவர்களுடைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால் வரைபடம் தானாக விரியும். மூத்தவர்களைவிட, அவர்களிடம் படித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர்களிடம் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்பதைத் துறையின் பக்கத்தில் முதலில் பாருங்கள்.

முதல் கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவர்களுடைய எந்தக் கட்டுரை, அதில் உங்களுக்கு எழுந்த எந்தக் கேள்வி, நீங்கள் இதுவரை செய்தது என்ன, அவ்வளவுதான். ‘மாண்புமிகு’, ‘தங்கள் பாதம்’ போன்ற பணிவெல்லாம் தேவையில்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

இடம் கிடைத்துவிட்டால் மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை ஆண்டுக்குப் பண உறுதி, அதில் கல்விக் கட்டணம் கழிந்தபின் கையில் என்ன நிற்கும், கற்பித்தல் உதவி வேலை வாரத்துக்கு எத்தனை மணி, கோடையில் சம்பளம் உண்டா? கனடாவில் கட்டணம் கட்டியது போக மிஞ்சுவதை அந்த ஊர் வீட்டு வாடகையோடு வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு மாணவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. எல்லோரும் ‘ஷெர்க்’ என்று அழைக்கும் கூட்டரசு ஆய்வுக் கழகத்தின் உதவித்தொகைகள் சிலவற்றுக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும், அதையும் முன்னரே பாருங்கள். நெதர்லாந்தில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் நான்காண்டுச் சம்பள வேலை. மாணவராகச் சேர்வதில்லை, விளம்பரம் பார்த்து வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்த வழியைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

வினாத்தாளைத் தமிழாக்குவது

இங்கேதான் நம்மவர்களால் உண்மையிலேயே புதிதாக ஏதாவது கொடுக்க முடியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உலகம் முழுவதும் பயன்படும் அளவைகள், அதாவது மனத்தில் உள்ளதை எண்ணால் அளக்கும் வினாத்தாள்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. வழக்கமான முறை, ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் எழுதியதிலிருந்து இது நடைமுறை. நல்ல முறைதான், ஆனால் போதாது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் படித்தவர்கள், இருவருக்கும் ‘அடையாளம்’ என்றால் என்ன என்று தெரியும். ஆகவே ஆங்கிலம் அப்படியே திரும்பி வந்துவிடும். ஈழத்திலிருந்து வந்த எழுபது வயது அம்மாவிடம் "உங்கள் அடையாளம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் மனத்தில் முதலில் வருவது அடையாள அட்டை. சோதனைச் சாவடியில் அது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அறிந்த தலைமுறை அது. "மிக மிக முக்கியம்" என்பார். கணினியில் அவருடைய இனப்பற்று ஐந்துக்கு ஐந்து என்று பதிவாகும்.

‘இனம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஈழத்தவர் காதில் அது போரும் அரசியலும் சேர்ந்து ஒலிக்கும். தமிழ்நாட்டில் ஒருவரிடம் "உங்கள் இனத்தாருடன் நெருக்கமாக உணர்கிறீர்களா?" என்றால் சாதியைக் கேட்பதாகவே நினைத்து முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. இரண்டு ஊர்க்காரருக்கும் ஒரே தமிழ் வினாத்தாளைக் கொடுத்துவிட்டுச் சராசரியை ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்?

பூக்காரம்மா முழம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கைக்குக் கை முழம் மாறும். இரண்டு கடையில் ஐந்து முழம் வாங்கினால் நீளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அளவையும் இப்படி இரு குழுவுக்கு இடையே மாறுகிறதா என்று சோதிக்கப் புள்ளியியல் வழி இருக்கிறது. அளவை மாறாமைச் சோதனை என்று தமிழில் சொல்லலாம். ஆர் மொழியில் லவான் என்ற தொகுப்பை வைத்துச் செய்யலாம். அதற்கும் முன்னால், பத்துப் பேரை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இது என்ன கேட்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றதை மூன்றாண்டு வகுப்புகளில் கற்கவில்லை.

ஒப்புதலும் மறைகாப்பும்

கனடாவில் மனிதரை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு அனுமதி வேண்டும். அதன் அடிப்படை டி.சி.பி.எஸ். 2 என்ற நாட்டுப் பொதுவான விதிநூல். அதற்கான இணையப் பயிற்சி இலவசம், மாணவராகச் சேரும் முன்பே முடித்துவிடலாம்.

வழக்கமாகக் கேட்பது கையெழுத்திட்ட ஒரு படிவம். நம் மக்களிடம் அந்தப் படிவமே சிக்கல். புகலிடம் கோரி வந்தவர்களுக்குக் கையெழுத்து என்றாலே விசாரணை அறை நினைவு வரும். வாய்மொழியாகச் சம்மதம் பெற்றுக் குறித்துவைக்க அந்த விதிநூலே இடம் தருகிறது. கேட்டால் கிடைக்கும், பலர் கேட்பதே இல்லை.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் சமூகம் சிறியது. ‘இன்ன வீதியில் கடை வைத்திருந்த, மூத்த மகளை லண்டனில் கட்டிக்கொடுத்தவர்’ என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால், படிக்கிற பத்துத் தமிழரில் எட்டுப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் யோசித்து மாற்றுங்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அடுத்த கல்யாண வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்திருப்பார்.

கட்டுரையும் மாநாடும்

இது சுருக்கமாகப் போதும். 2015-ல் ஒரு பெரிய குழு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் முன்பு சொன்ன விளைவு தெளிவாகக் கிடைத்தது. அதன்பின் துறையின் பழக்கம் மாறிவிட்டது. தரவைத் திரட்டும் முன்பே உங்கள் எதிர்பார்ப்பைப் பொதுவில் பதிவு செய்யுங்கள், தொடக்கத்திலிருந்தே இந்தப் பழக்கம் வரட்டும். 1972-ல் தொடங்கிய பண்பாட்டிடை உளவியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். உங்கள் வயது ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

வேலை

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் பெறுபவர்களைவிட நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் மிகக் குறைவு. இடையில் ஓரிரு ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும். குடியேற்றத்தைப் படிக்க வந்தவர் மீண்டும் மீண்டும் குடியேறுவார். நிரந்தரமாகும் வழியில் வேலை கிடைத்தாலும், ஐந்தாறு ஆண்டுகளில் ஆய்வு, கற்பித்தல், துறைப்பணி மூன்றையும் காட்டித்தான் நிலைபெற முடியும். கனடா வேலை விளம்பரங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முன்னுரிமை என்ற வரி இருக்கும். படிக்கும் காலத்திலேயே வதிவிட விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். ஆய்வேட்டைவிட இதை முன்னால் வையுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. கனடா புள்ளியியல் துறை, குடிவரவு அமைச்சு, பள்ளிக் கல்விச் சபைகள், புதிதாக வந்தவர்களுக்கு உதவும் குடியேற்ற நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் கணக்கெடுப்பு வடிவமைக்கவும் நேர்காணல் செய்யவும் தெரிந்தவர்கள் தேவை. முனைவர் படிப்பின் ஒரு கோடையை அங்கே கழியுங்கள்.

எழுதி முடித்ததும் திரும்பப் போங்கள்

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன், முடிவுகளை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, பேசியவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். ஸ்காபரோவில் நூலகங்களும் முதியோர் கூடும் இடங்களும் இருக்கின்றன, அறை கிடைக்கும். தேநீரும் வடையும் உங்கள் செலவு.

என் முதல் ஆய்வில் ஓர் அம்மம்மா சொன்ன வரி ஒன்று இருந்தது. "ஊருக்குப் போனாத்தான் பிள்ளை, நான் கனடாக்காரி." அதை ‘அந்நியப்படுதல்’ என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தேன், இங்கேயும் ஒட்டவில்லை அங்கேயும் ஒட்டவில்லை என்ற பொருளில். ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டியபோது அவர் கையை உயர்த்தினார். "அது கவலையில சொன்னதில்லை" என்றார். நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு பையோடு வெளிக்கிட்ட ஊருக்கு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, பேரப்பிள்ளைகளுக்குச் சொக்லேட்டும் வாங்கிக்கொண்டு போய் இறங்கியபோது, சந்தியில் நின்றவர்கள் அப்படிக் கூப்பிட்டார்களாம். அவருக்கு அது பெருமை. நான் அந்த வரியை வேறு தலைப்புக்கு மாற்றினேன், மற்ற நேர்காணல்களையும் முதலிலிருந்து மறுபடி கேட்டேன்.